பைத்தான் 2-ஐ சர்வரிலிருந்து நீக்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கு முதலில் 2015-இல் விடைகொடுப்பதாகத்தான் இருந்தது. பலரும் மாறவில்லை என்பதால் ஐந்து வருடம் தள்ளிப்போட்டு, 2020 ஜனவரி 1-இல் ஆதரவை நிறுத்தினார்கள். கடைசிப் பதிப்பான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. டெபியன் 12, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 ஆகிய இயங்குதளங்களில் பைத்தான் 2 இல்லவே இல்லை. ஆனால் பழைய சர்வர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதை எடுக்கப் போகிறவர்கள் முதலில் கை வைப்பது லிங்கில், அதாவது 'பைத்தான்' என்ற பெயர் எந்தப் பதிப்பைத் திறக்கும் என்று காட்டும் குறுக்குவழியில். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் வெறுமனே 'பைத்தான்' என்று அழைத்தால் 2.7 வரும். அந்தப் பெயரை 3-க்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அடுத்த முறை மென்பொருள் நிறுவும் 'யம்' கட்டளை கொடுத்ததும் சின்டாக்ஸ் எரர் (நிரல் இலக்கணப் பிழை) வந்து நிற்கும். யம் எழுதப்பட்டதே பைத்தான் 2-இல். அதன் முதல் வரி அழைப்பது அந்த வெறும் பெயரைத்தான். பிழைகளைப் பிடிக்கும் 'எக்ஸெப்ட்' வரியில் கமா போடும் பழைய பாணியை 3 ஏற்காது. சிலர் யம் கோப்பின் முதல் வரியை மட்டும் 2 என்று திருத்திவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். டவுன்லோடு தொடங்கியதும், யம் அதற்குப் பயன்படுத்தும் 'யூஆர்எல்கிராபர்' நிரலில் அதே பிழை முளைக்கும். சர்வரை ஃபார்மேட் செய்யும் வரை போக வேண்டாம், லிங்கைப் பழையபடி 2-க்கே திருப்பினால் போதும். அந்தப் பெயர் இயங்குதளத்தின் சொத்து, நம்முடையது அல்ல.

உபுண்டு லினக்ஸில் நடப்பது வேறு மாதிரி. புதிய பதிப்பு வேண்டும் என்று, ஏற்கெனவே இருக்கும் பைத்தான் 3-ஐயே நீக்கச் சொல்வார்கள். கூடவே எதெல்லாம் போகப்போகிறது என்று மென்பொருளை நிறுவி நீக்கும் ஆப்ட் கட்டளை நீளமாகப் பட்டியல் காட்டும். படிக்காமல் 'ஒய்' அழுத்தினால் டெர்மினலும் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே போய்விடும்.

அப்புறம், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் கிரான். நான் ஒரு சர்வரில் ஒரு வாரம் லாக் பார்த்தேன், யாரும் பைத்தான் 2-ஐத் தொடவில்லை, நீக்கிவிட்டேன். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு அறிக்கை ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோனது. கிரான் ஒழுங்காகத்தான் மெயில் அனுப்பியிருக்கிறது, யாரும் திறக்காத ரூட் (நிர்வாகிக் கணக்கு) அஞ்சல் பெட்டிக்கு. அதிலிருந்து நான் உடனே நீக்குவதில்லை. யார் அழைத்தாலும் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் பழைய பைத்தானை ஓட்டும் சிறு ஸ்கிரிப்டை அந்த இடத்தில் வைத்து, ஒரு மாதக் கணக்காவது முடியும்வரை காத்திருப்பேன்.

பைத்தான் 2 நிரலை 3-க்கு மாற்றும் '2டு3' கருவியில் போட்டு எடுத்தால் குறிநிரல் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. பிரிண்ட் வரிகளை அது மாற்றும்; வகுத்தலைத் தொடாது. ஏழை இரண்டால் வகுத்தால் பைத்தான் 2-இல் 3, பைத்தான் 3-இல் 3.5. பிழை எதுவும் வராது, கணக்கு மட்டும் மாறும்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் எடுக்கும் யூடிஎஃப்-8 முறைக் கோப்பில் 'அம்மா' என்று சாதாரண மேற்கோளில் எழுதி நீளம் கேட்டால் பைத்தான் 2 சொல்வது 15. அது பைட்களை எண்ணுகிறது. பைத்தான் 3 சொல்வது 5. புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து! பெயரை 30-க்குள் வெட்டும் பழைய வரி முன்பு பத்துக் குறிகளோடு நிறுத்தியது, இப்போது முப்பதை விடும். 30 பைட் மட்டுமே கொள்ளும் இடத்தில் அது முட்டும்.

எல்லாம் முடிந்தபின் உபுண்டு 20.04-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் 'பைத்தான்' என்ற வெறும் பெயர் இயல்பாக இருக்காது. கையால் லிங்க் போடாமல் 'பைத்தான்-இஸ்-பைத்தான்3' பேக்கேஜை நிறுவுங்கள். ஆனால் பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்தி முடித்த பிறகு. முன்கூட்டியே நிறுவினால், 'கட்டளை கிடைக்கவில்லை' என்று நின்றிருக்க வேண்டிய ஸ்கிரிப்ட் 3-இல் ஓடி, 3 வர வேண்டிய இடத்தில் 3.5 எழுதிவிட்டுப் போகும்.