நாயின் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி: பூச்சு எடுப்பதும் வாசிப்பதும்

பெட்டை நாய்க்கு இரத்தம் சொட்டினால் "பருவத்துக்கு வந்திருக்கு" என்று விட்டுவிடுவார்கள். மூன்று கிழமை தாண்டியும் சொட்டினால், நாய் அந்த இடத்தை ஓயாமல் நக்கினால், உள்ளே பார்த்தே ஆக வேண்டும். கரையோர மீன்வாடி, சந்தைப் பக்கம் கூட்டமாகத் திரியும் நாய் என்றால் முதலில் இந்தக் கட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இதில் தொற்றுவது வைரசோ பற்றீரியாவோ அல்ல, கட்டியின் உயிருள்ள கலமே. இணைசேரும்போது, நக்கும்போது, மோக்கும்போது உரிந்த கலம் அடுத்த நாயின் உராய்ந்த சவ்வில் ஒட்டி வளர்கிறது. நாயின் சொந்தக் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள். இந்தக் கலத்தில் 57 முதல் 64 வரைதான். அது வந்தேறிக் கலம் என்பதற்கு இதுவே சாட்சி.

எவ்வளவு சாதுவான நாயானாலும் வாய்க்கட்டு போடுங்கள்; விசர்நோய் உள்ள நாட்டில் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கடுவன் நாயில் தோலுறையை முழுதாகப் பின்தள்ளி, குறியின் அடியில் உருண்டு வீங்கும் பகுதிக்கும் பின்னால் பாருங்கள். நுனியை மட்டும் பார்ப்பவருக்குக் கட்டி தப்பிவிடும். பெட்டையில் கையுறை விரலால் உள்வாசலைத் தடவிப் பாருங்கள். கட்டி பூக்கோவா போல இருக்கும், தொட்டால் உதிர்ந்து இரத்தம் கசியும். மூக்கு, வாய், தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களையும் விட்டுவிட வேண்டாம்.

அடுத்தது பூச்சு, அதாவது நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கட்டியின் கலங்களைக் கண்ணாடி வழுக்கியில் ஒற்றி எடுப்பது. அது பிழைப்பது பெரும்பாலும் இரத்தத்தால். சேலைனால் கழுவி, மேற்பரப்பைச் சற்றுச் சுரண்டி, இரத்தம் நிற்கும்வரை கோஸ் துணியால் ஒற்றுங்கள். பிறகு வழுக்கியைக் கட்டியில் மெல்லத் தொட்டு எடுங்கள். தேய்த்தால் கலம் வெடித்து வெறும் கருதான் மிஞ்சும். நான்கு வழுக்கியாவது தேவை. மாரி காலத்து ஈரக்காற்றில் பூச்சு மெதுவாகக் காய்ந்து கலம் சுருங்கிவிடும், ஆகவே உடனே மின்விசிறியின் கீழ் பிடியுங்கள். காய்ந்த வழுக்கியை மெதனோலில் 3 முதல் 5 நிமிடம், பத்துக்கு ஒன்றாகக் கரைத்த ஜீம்சா சாயத்தில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். மெதனோல் போத்தலைத் திறந்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி, கலத்தில் இல்லாத ஓட்டைகளைக் காட்டும். இழையத் துண்டு அனுப்புவதென்றால் துண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு 10% போமலினில் போடுங்கள். ஆனால் சாயமேற்றாத வழுக்கியை அந்தப் போத்தலோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. ஆவி பட்டாலே சாயம் கெட்டுவிடும்.

நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் 14 முதல் 30 மைக்கிரோமீற்றர் அளவில் தனித்தனி உருண்டைக் கலங்கள் தெரியும். குழியவுருவின் ஓரத்தில் முத்துக் கோத்ததுபோல் தெளிந்த புன்வெற்றிடங்கள் (சிறு வெற்றுக் குமிழ்கள்) இருந்தால் இந்தக் கட்டிதான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. கரு வட்டமாக, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கருவுக்குள் புன்கரு என்னும் சிறு புள்ளி ஒன்றிரண்டு, பிரியும் கலங்களும் தாராளம். ஊதா மணிகள் நிறைந்தால் மாஸ்ட் கலக் கட்டி. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நின்றால் மேலணிப் புற்று. சிறிய நிணநீர்க் கலங்கள் நிறைய ஊடுருவியிருந்தால் கட்டி தானே பின்வாங்கத் தொடங்கியிருக்கலாம்.

வெறுமனே வெட்டி எறிவதை நாம் பரிந்துரைப்பதில்லை. வெட்டுக் காயத்தில் சிந்தும் கலமே மறுபடி முளைக்கிறது. மிருக வைத்தியர் வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை உடல் பரப்பின் சதுர மீற்றருக்கு 0.5 முதல் 0.7 மில்லிகிராம் வீதம் கிழமைக்கொரு தடவை நாளத்தில் ஏற்றுவார். பெரும்பாலும் 4 முதல் 6 ஊசி போதும். நாளத்துக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் அவ்விடத்து இழையம் அழுகும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் இரத்தம் எண்ண வேண்டும். வெண்குருதிக் கலம் ஒரு மைக்கிரோலீற்றரில் 4000க்குக் கீழே இறங்கினால் ஊசியைத் தள்ளிப்போடுவார். ஊசி போட்ட நாயின் சிறுநீரையும் வாந்தியையும் கையுறையோடு கழுவுங்கள், கர்ப்பிணிகளை அதற்கு விடாதீர்கள். கட்டி கண்ணுக்கு மறையும்வரை நாயைக் கட்டியே வையுங்கள்.