மட்டன் பாஸ்தாவுக்குத் தனிக்கறி கேட்காதீர்கள், அப்புறம் இன்னும் சில

பாஸ்தா குழைந்துபோனது, உப்பு போட மறந்தது, தக்காளி புளித்தது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை குழைந்தால் அடுத்த தடவை நீங்களே உஷாராகிவிடுவீர்கள். வேலைக்காக பெங்களூர் வந்து, பிஜி சாப்பாடு அலுத்துப்போய், தனி வீடு எடுத்து அடுப்பு வாங்கியதும் நம் பிள்ளைகள் ஆசையாகச் செய்துபார்ப்பது பாஸ்தாவைத்தான். ஃப்ரேசர் டவுனில் நான் ஆர்டருக்குச் சமைக்கிற சின்ன அடுப்படிக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் செய்கிற தவறெல்லாம் ஒரு காலத்தில் நான் செய்தவை. அதனால் பையிலிருந்து சாமானை எடுத்து வைக்கும்போதே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது.

தண்ணீரில் எண்ணெய் விடுவது

வேண்டாம். மேலே மிதக்கிற எண்ணெய் வடிக்கும்போது பாஸ்தாமேல் படியும், அப்புறம் சாஸ் ஒட்டாது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடத்தை நம்புவது

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சென்னையில் 10 நிமிடத்தில் வெந்த அதே பாக்கெட் இங்கே கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். கடிகாரத்தை விடுங்கள், ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும்போதே வடித்து சாஸுக்குள் போட்டுவிட வேண்டும். மீதி அங்கே வெந்துகொள்ளும். வடிக்கும் முன் வேகவைத்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

மைதாவில் செய்த மலிவு பாஸ்தாவுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. வெள்ளைப் புள்ளி மறைவதற்குள் வெளிப்பக்கம் கூழாகிவிடும். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, துரும் என்று இருந்தால் மட்டும் எடுங்கள்.

மட்டன் பாஸ்தாவுக்குத் தனிக்கறி வாங்குவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். காசும் போகிறது, கறியும் போகிறது.

சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்க நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற திண்டுக்கல் பையன் எனக்கு முன்னால் நிற்கிறான். “பாய், எலும்பு, ஜவ்வு, கொழுப்பு ஒண்ணும் வேணாம். தொடையில தனிக்கறியா ஒரு கிலோ குடுங்க. பாஸ்தாவுக்கு” என்றான். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும், ஆனால் வியாபாரத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? நான் வாயைத் திறப்பதற்குள் தொடை தராசில் ஏறிவிட்டது. கறிக்குப் பேர்போன பன்னூர் ஆடு என்று வேறு சொல்லிக் கொடுத்தார். இந்த ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் பன்னூர் ஆடுதான்.

சாயங்காலம் போன் வந்தது. “அக்கா, தக்காளி சாஸ்ல போட்டு முக்கா மணி நேரமா கொதிக்குது. கறி இன்னும் மெல்லவே முடியல.” இன்னும் எவ்வளவு நேரம் கொதிக்கவிடலாம் என்று கேட்டான். கொதிக்கவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எப்படிச் சொல்வது!

தொடையின் தனிக்கறியில் இருப்பது பெரும்பாலும் தசை நார். சூடு ஏற ஏற அந்த நார் சுருங்கித் தன்னிடம் இருக்கிற நீரை வெளியே தள்ளிவிடும். வாணலியில் அதிக தீயில் சட்டென்று புரட்டி எடுத்தால் அது நல்ல கறி. சாஸில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்தால், ஒரு வழியாக மெல்ல முடிகிற கட்டம் வந்தாலும் உள்ளே சாறு இருக்காது, சக்கையாகத்தான் இருக்கும். நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கச் சொன்ன ஜவ்வில்தான் கொலாஜன் இருக்கிறது. 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வெந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் குடித்ததும் உதடு ஒட்டிக்கொள்கிறதே, அதற்குக் காரணம் இந்த ஜெலட்டின்தான். சாஸ் பாஸ்தாவைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் அந்த ஒட்டல் வேண்டும். கிரீமோ கார்ன்ஃபிளவரோ கொட்டி அதைக் கொண்டுவர முடியாது.

இத்தாலிக்காரர்களும் மெத்தென்ற கறியைத் தேடிப் போவதில்லை. போலோன்யா நகரத்தின் ராகூ என்கிற கறி சாஸுக்கான செய்முறையை 1982-இல் அந்த ஊர் வர்த்தக சபையில் பதிவு செய்து வைத்தார்கள். அதில் கேட்டிருந்தது மாட்டின் உதரவிதானத் தசை. சும்மா வறுத்தால் பல்லுக்குச் சவால் விடுகிற கறி அது. அப்ருட்சோ மலைப்பக்கம் ஆடு மேய்க்கிற ஊர்கள், அங்கே ஆட்டுக்கறியிலேயே ராகூ வைக்கிறார்கள். நமக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது.

அதனால் கடையில் கேட்க வேண்டியது முன்னங்கால் கறி, கழுத்துக்கறி, கொஞ்சம் நெஞ்செலும்பு. எலும்போடு முக்கால் கிலோ இருந்தால் 400 கிராம் பாஸ்தாவுக்கு, அதாவது நாலு பேருக்கு, தாராளம். துண்டுகள் பெரிதாகவே இருக்கட்டும், குழம்புக்கு வெட்டுகிற மாதிரி பொடிசாக வேண்டாம். குக்கரிலேயே கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம், பூண்டு, மிளகு, தக்காளி சேர்த்து, கறி முக்கால்வாசி மூழ்கத் தண்ணீர் விடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டி ஏறுவதால் திறந்த பாத்திரத்தில் மூன்று மணி நேரம் ஆகிற வேலை இதில் முடிந்துவிடும். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே குபுகுபுவென்று கொதித்துக் கறி காய்ந்துவிடும்.

இதுவரை சரியாகச் செய்துவிட்டு, இதற்கு அப்புறம் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. ஒரு பெண் குக்கரைத் திறந்தாள். சாற்றை வடிகட்டி நேராகத் தொட்டியில் ஊற்றினாள். கறியை மட்டும் அள்ளி, கடையில் வாங்கிய பாட்டில் சாஸில் போட்டாள். கேட்டால், “தண்ணியா இருந்துச்சே அக்கா” என்கிறாள். தண்ணியாக இருந்தால் வற்றவைக்க வேண்டும், அம்மா! எலும்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கறியைக் கையால் உதிர்த்து, அந்தச் சாற்றை அகன்ற வாணலியில் ஊற்றி, கரண்டியின் பின்பக்கம் படிந்து நிற்கிற வரை சுண்டவிடுங்கள். பிறகு கறியைப் போட்டு, பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரில் ஒரு கரண்டியையும் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். வாணலியின் அடியில் சாஸ் தனியாகத் தேங்கி நிற்கக் கூடாது, மொத்தமும் பாஸ்தாவில் ஏறியிருக்க வேண்டும்.

உப்பில் மட்டும் கவனம். சாறு சுண்டும்போது உப்பும் ஏறும், பாஸ்தா வெந்த தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. குக்கரில் வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். நேரம் இருந்தால் வெந்ததை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே வெள்ளையாகக் கட்டி நிற்கிற கொழுப்பில் பாதியை வழித்து எடுத்துவிடலாம். முழுவதையும் எடுத்தால் ருசி போய்விடும்.

கொத்துக்கறியை மொத்தமாகக் கொட்டுவது

சின்ன வாணலியில் அரைக் கிலோ கொத்துக்கறியைக் கொட்டினால் அது வறுபடாது, விட்ட தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறத்தில் உருண்டு நிற்கும். இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, அடி பிடிக்கிற அளவுக்குச் சிவக்கவிடுங்கள். அடியில் பிடித்ததைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள், ருசி அதில்தான்.

கறி சாஸுக்கு ஸ்பெகட்டி

பிடித்தால் சாப்பிடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் உதிர்ந்த கறி மெல்லிய நூலில் நிற்காது. முள்கரண்டியில் சுற்றினால் நூல் வாய்க்கு வரும், கறியெல்லாம் தட்டின் அடியில் கிடக்கும். போலோன்யாவில் ராகூவுக்கு அகலமான நாடா வடிவ தாலியாதெல்லேதான். நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பென்னே. வரிவரியாக இருக்கிற பென்னேயை எடுங்கள், குழலுக்குள்ளும் கறி போய் உட்காரும்.

சிக்கன் நெஞ்சுக்கறி

காய்ந்துபோகும். லெக் போன்லெஸ் கேளுங்கள்.

கார்பனாராவில் கிரீம்

இந்தப் பாஸ்தாவுக்கு வேண்டியது முட்டை, சீஸ், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னக்கறி, மிளகு. அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு முட்டையைச் சேர்க்கத் தெரியாதவர்கள்தான் கிரீம் டப்பாவைத் தேடுகிறார்கள்.

மீந்ததை ஒன்றாகக் கலந்து வைப்பது

சாஸில் ஊறிய பாஸ்தா மறுநாள் உப்பிப்போய் ஈரமெல்லாம் உறிஞ்சிவிடும். சாஸைத் தனியாக எடுத்து வைத்தால் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் நன்றாகவே இருக்கும், மட்டன் சாஸ் தோசைக்கும் போகும். ஏற்கெனவே கலந்து மீந்துவிட்டதா? மைக்ரோவேவில் வைக்காதீர்கள். நேப்பிள்ஸில் செய்கிற மாதிரி இரண்டு மூன்று முட்டையும் துருவிய சீஸும் போட்டுக் கலக்கி, எண்ணெய் விட்ட வாணலியில் அடை கனத்துக்குப் பரப்பி, மூடிவைத்து சின்ன தீயில் வேகவிடுங்கள். அடிப்பக்கம் முறுகியதும் ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் சிவக்கவிட வேண்டும்.