மலை ஊரில் டார் பிரவுசர்: பெயர் வெளிவராமல் எழுத நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியில் சரிவை வெட்டித் தளம் போடும் பொக்லைனைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். புகார் எழுதுபவர்கள் மிகச் சிலர்தான். யார் எழுதியது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். ஆனால் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் பலிகொடுத்த மாவட்டம் இது. வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடிவதில்லை. அதனால்தான் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் யாராவது, இணையத்தில் ஆள் யாரென்று தெரியாமல் இருக்க உதவும் டார் பிரவுசரைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருகிறேன். கூடவே எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டார் உங்கள் இணைப்பைத் தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிறது. முதல் கணினிக்கு நீங்கள் எந்த இணைப்பிலிருந்து வருகிறீர்கள் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகும் இடம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த யோசனை இது. 2006 முதல் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. இந்தியாவில் இதைப் பயன்படுத்தத் தடை எதுவும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து நிற்பதுதான் இதன் பலம். மலை ஊரில் அந்தக் கூட்டம் இல்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டார் பயன்படுத்துவதே யாருக்கும் தெரியாது என்று நினைப்பது முதல் தவறு. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் மறையும். டாரில் இணைந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு இணைப்புக் கொடுப்பவருக்குத் தெரியும். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டுப் புரளி மெயில் அனுப்பினார். டார் வழியாகத்தான் அனுப்பினார். ஆனால் பல்கலைக்கழக வைஃபையில். அந்த நேரத்தில் அங்கே டாரைத் திறந்தது யார் என்று பார்த்தே அவரிடம் போய்விட்டார்கள். அவர் செய்தது குற்றம், பிடிபட்டது நல்லதுதான். ஆனால் அத்தனை பெரிய பல்கலைக்கழகத்திலேயே அப்படி என்றால், ஒரே கேபிள்காரர் பிராட்பேண்ட் கொடுக்கும் ஊரில் என்ன ஆகும்? ஆபீஸ் வைஃபையும் ஹோம்ஸ்டே வைஃபையும் வேண்டாம். டார் பிரவுசரின் இணைப்பு அமைப்பில் 'பிரிட்ஜ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் டார் பயன்படுத்துவதும் எளிதில் வெளியே தெரியாது.

சரி, பிரவுசிங் சென்டருக்குப் போகலாமே என்பார்கள். 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள்படி அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டில் பெயர் ஏறும், அந்தப் பதிவை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். கடைக்காரருக்கு உங்கள் அப்பாவையே தெரிந்திருக்கும் என்பது வேறு.

விபிஎன்-ஐயும் (உங்கள் இணைப்பை ஒரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பி அனுப்பும் சேவை) டாரையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. விபிஎன்-னில் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே நிறுவனத்தின் வழியாகப் போகிறது. வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் அவர்களுக்கு உத்தரவும் போட்டுவிட்டது.

தமிழில் எழுதுபவர்கள் தவறாமல் செய்யும் ஒன்று: டார் பிரவுசரில் தமிழ் டைப்பிங் எக்ஸ்டென்ஷனைச் சேர்ப்பது. டார் பிரவுசர்கள் எல்லாம் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் ஒன்றைச் சேர்த்தால் உங்களுடையது தனியாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. போனில் கீபோர்டு தனி ஆப். அது எதையாவது வெளியே அனுப்பினால் சாதாரண இணைப்பு வழியாகவே போகும். விண்டோஸில் கூடவே வரும் தமிழ் விசைப்பலகை போதும்.

அப்புறம் மெயில். டாருக்குள் போய் சொந்த ஜிமெயிலைத் திறந்தால் எல்லாம் வீண். புதிதாக ஆரம்பித்தாலும் பெரும்பாலும் போன் நம்பர் கேட்கும், சிம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. புரோட்டான் மெயில் என்ற மெயில் சேவைக்கு, டாரில் மட்டுமே திறக்கும் ஓர் 'ஆனியன்' முகவரி உண்டு, அதைப் பாருங்கள். முகவரியின் தொடக்கத்தில் 'ஹெச்டிடிபிஎஸ்' (https) இல்லாத தளத்தில் பாஸ்வேர்டு போடவே கூடாது. 2007-ல் ஸ்வீடன்காரர் ஒருவர் சில கடைசிக் கணினிகளைத் தானே நடத்தி, அதன் வழியாக வந்த தூதரக மெயில் பாஸ்வேர்டுகளைப் பிடித்து வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் அதில் இருந்தன. இறக்கிய பிடிஎஃப், வேர்டு கோப்புகளையும் இணைப்பைத் துண்டித்த பிறகே திறங்கள். டோரண்ட் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூடக் கடைசியில் மாட்டுவது அனுப்பிய படத்தால்தான். போனில் எடுத்த போட்டோவுக்குள் இடக்குறிப்பு இருக்கலாம், டார் அதை நீக்காது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். வீடியோ எடுக்கும் முன்பே கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

இடக்குறிப்பே இல்லாவிட்டாலும் கோணம் காட்டிக்கொடுக்கும். எதிர்ச் சரிவில் பொக்லைன் மண் தள்ளுவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்தால், கீழே ஓரத்தில் தெரியும் தகரக் கூரை, ஒரு சில்வர் ஓக் மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இவ்வளவு போதும். மலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காட்சி. அந்த மூன்றும் அந்த வரிசையில் தெரியும் ஜன்னல் எது என்று ஊர்க்காரர் நின்று பார்த்தாலே சொல்லிவிடுவார். அதனால் பலரும் நடக்கும் ரோட்டிலிருந்து எடுங்கள். எழுதும்போதும் அப்படித்தான். 'ராத்திரி 11:40-க்கு ஆரம்பித்தார்கள்' என்று எழுதினால், அந்த நேரத்தில் விழித்திருந்த வீடு எது என்று தேடுவார்கள். 'இரவில் வேலை நடக்கிறது' என்பதே அதிகாரி வந்து பார்க்கப் போதுமானது. சர்வே நம்பர் தெரிந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அது நிலத்தைக் காட்டும், உங்களைக் காட்டாது.

மண்ணில் ஏற்கனவே விரிசல் விட்டு, மழையும் பிடித்துக்கொண்டது என்றால் டாரைத் திறந்துகொண்டு உட்காராதீர்கள். உடனே 1077-க்குப் போன் போடுங்கள், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எடுக்கும்.