கைவேலை செல்லோ வில் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

பெரிய வயலின் போன்ற செல்லோவை இழைத்து வாசிக்கும் வில்லின் முடியில் ரோசின் பிசினை அப்பாதே, வாசித்து முடித்ததும் முடியை இறுக்கும் திருகைத் தளர்த்து என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விடுங்கள். லட்சக்கணக்கில் கொடுத்து நல்ல கைவேலை வில் வாங்கப் போகிறவர்கள், நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடத்தில் இன்னும் சறுக்குகிறார்கள். அதற்காகத்தான் இது.

முத்திரையைப் பார்த்து மயங்குவது

வில்லின் குச்சியில் 'தூர்த்' என்று குத்தியிருக்கிறதா? சந்தேகப்படுங்கள். இன்றைய வில்லின் வடிவத்தை பாரிஸில் நிலைநிறுத்திய பிரான்சுவா சேவியே தூர்த் (1747–1835) தன் வேலையில் பெயர் குத்தியதே அரிது. பிற்காலப் பட்டறைகள்தான் அந்தப் பெயரை மலிவு விற்களில் தாராளமாகக் குத்தின.

தலையைச் சோதிக்காமல் காசு கொடுப்பது

குச்சியில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடும். வில்லின் நுனியான தலை கீழ்நோக்கித் திரும்பும் இடத்தில் மட்டும் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். முடியை முறுக்கி வைத்த நிலையில் வில் தலைகுப்புற விழுந்தால் முறிவது அங்கேதான். முறிந்ததை ஒட்டி, பின்பக்கம் மெல்லிசாக அறுத்து, ஒரு மரச்சில்லைச் செருகி, மேலே வார்னிஷ் பூசிவிடுவார்கள். கைதேர்ந்தவர் செய்த ரிப்பேர் என்றால் பல வருஷம் வாசிக்கலாம், குறையில்லை. ஆனால் விற்கப் போனால் விலையில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, வெளிநாடு போனபோது பழைய பிரெஞ்சு வில் ஒன்று வாங்கி வந்தாள். கருங்காலி ஃபிராக் (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை), வெள்ளிக் கம்பிச் சுற்று, வளைவும் கச்சிதம். முடி மாற்றக் கொடுத்த இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தலையின் பின்முதுகில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே இருந்த மரத்தின் நிறம் ஒரு சாயல் வேறு. விற்றவருக்கு எழுதிக் கேட்டாள். "நீங்கள் கேட்கவில்லையே" என்று பதில் வந்தது. முழு விலையும் வாங்கிக்கொண்டு சொல்கிற பதிலா இது? இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே கேளுங்கள். முடியைத் தளர்த்தி, பூதக்கண்ணாடியை வைத்து, தலையின் இரு கன்னங்களையும் பின்பக்கத்தையும் வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். "தலையில் முறிவோ ரிப்பேரோ இல்லை" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "பழைய ரிப்பேர், ரொம்ப ஸ்ட்ராங்" என்று ஆரம்பித்தால், ரிப்பேர் வில்லுக்கான விலையில் பேச்சைத் தொடங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வந்த வழியே திரும்புங்கள்.

தராசை நம்புவது

செல்லோ வில் 80 கிராமை ஒட்டி இருக்கும். 78 கிராம் வில் கையில் கனக்கலாம், 83 கிராம் வில் லேசாகத் தெரியலாம். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கடைக்காரருடைய செல்லோவில் வாசித்துப் பார்ப்பது

உங்கள் செல்லோவையே தூக்கிக்கொண்டு போங்கள்.

சுங்கத்தை மறப்பது

நல்ல விற்களின் குச்சி செய்யும் பிரேசிலின் பெர்னாம்புகோ மரம் 2007-இல் சைட்ஸ் என்கிற, அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஏறியது என்று எல்லோரும் அதையே பேசுகிறார்கள். ஆனால் மரம் மட்டுமல்ல, பழைய வில்லின் தலைத்தகட்டில் யானைத் தந்தம் இருக்கலாம், ஃபிராக் ஆமையோட்டில் செய்ததாக இருக்கலாம். எல்லை தாண்டும்போது வில்லையே பிடுங்கிக்கொள்ள அது போதும். என்ன பொருள் என்று பில்லில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

வில்லை ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துப் பார்க்கக் கேட்காதது

கேளுங்கள். நல்ல கடை தரும்.