நார், நரம்பு, சதை: திசுப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள்

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். திசுப் பாடம் (ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் செல்களின் கூட்டம்தான் திசு) வந்துவிட்டால் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு கேட்கும்: "மிஸ், இங்க பச்சையாத் தெரியுதே நரம்பு, இதுதானே நரம்புத் திசு?"

இல்லை, அது சிரை. ரத்தக் குழாய். ஆனால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் "நரம்பு புடைச்சிருக்கு" என்கிறோம், ஆஸ்பத்திரியில் "நரம்பு ஊசி" போட்டார்கள் என்கிறோம், அந்த ஊசி போவதோ சிரைக்குள். கறிக்கடையில் "நரம்ப எடுத்துட்டுப் போடுங்கண்ணே" என்று கேட்டால் அவர் சீவி எறிவது பெரும்பாலும் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும் தசைநாணோ சவ்வோதான், அது இணைப்புத் திசு. அப்புறம் எங்கள் ஆச்சி வெற்றிலையின் காம்பைக் கிள்ளி முதுகில் நரம்பை உரித்துவிட்டுத்தான் சுண்ணாம்பு தடவும், அந்த நரம்பில் இருப்பது தண்ணீர் ஏற்றும் சைலமும் உணவு கொண்டுபோகும் ஃபுளோயமும். ஒரு சொல்லுக்கு மூன்று பொருள், மூன்றுமே நரம்புத் திசு கிடையாது. நிஜ நரம்பு எங்கே என்று கேட்டால், முழங்கை முட்டியில் இடித்துக்கொள்ளும்போது சுண்டு விரல் வரை சுரீரென்று ஷாக் அடிக்குமே, அங்கே தோலை ஒட்டி ஓடுகிறது பாருங்கள், அதுதான். (நரம்புத் திசு என்றால் நியூரான், அதாவது நரம்புச் செல், மட்டும் என்று எழுதுவதும் தவறு. நியூரான்களைத் தாங்கி, ஊட்டி, உறை போட்டுக் காக்கிற கிளியல் செல்களும் அதில் சேர்த்திதான்.)

இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவான விஷயம் இது: இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவதற்குப் பிள்ளைகள் படிக்காதது பெரிய காரணம் இல்லை. வீட்டில் புழங்குகிற சொல்லும் புத்தகத்துச் சொல்லும் ஒரே மாதிரி இருந்துகொண்டு வேறு வேறு பொருளைச் சொல்கின்றன. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"நார்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரத்தில் நார் என்று கண்டால் உடனே ஸ்கிளிரன்கைமா (செல்சுவர் தடித்துக் கெட்டியான திசு) என்று எழுதிவிடுகிறார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிற வாழைநாருக்கு அந்தப் பதில் சரி. சைலம் ஃபுளோயம் கற்றைகளைச் சுற்றிக் காவலுக்கு நிற்கும் ஸ்கிளிரன்கைமா நார்கள்தான் அதற்கு அந்த உறுதியைக் கொடுக்கின்றன. ஆனால் அதை வாழையின் தண்டிலிருந்து எடுக்கிறோம் என்று எழுதினால் தவறு. வெளியே மரம் மாதிரி நிற்பது முழுக்க இலையின் அடிமட்டைகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டவை. அந்த மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், சின்னச் சின்ன ஜன்னல் வைத்த மாதிரி வரிசையாகக் காற்றறைகள் இருக்கும். அது மெல்லிய சுவருள்ள சாதாரணத் திசுவான பாரன்கைமாவில் ஒரு வகை, ஏரன்கைமா. கண்மாயில் நீச்சல் பழகுகிற பையன்கள் வாழைமரத் துண்டைக் கட்டிக்கொண்டு மிதக்கிறார்களே, அவர்களைத் தாங்குவது அந்தக் காற்றுதான்.

சரி, உள்ளே இருக்கும் நிஜத் தண்டுக்கு வருவோம். பொரியலுக்கு வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது மெல்லிய நூல் வரும், அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடுவோம். அது ஸ்கிளிரன்கைமா இல்லை. சைலக் குழாயின் சுவருக்கு உள்பக்கம் ஸ்பிரிங் மாதிரி திருகு திருகாகத் தடிப்பு படிந்திருக்கும், குழாய் அறுபடும்போது அந்தத் திருகு பிரிந்து நூலாக நீள்கிறது. தாமரைத் தண்டை ஒடித்தாலும் இதே கதைதான். ஒரு தண்டை மெதுவாக ஒடித்து இரண்டு துண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பாருங்கள், சிலந்தி இழை மாதிரி நூல் நீண்டுகொண்டே போகும். சைலம் என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு நிமிடம் நன்றாகப் பதிகிறது.

பருத்தியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மில் ஓடின ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பருத்தி நார் தெரியாமல் இருக்காது, ஆனால் அது எந்தத் திசு என்றால் பாதிப் பேர் ஸ்கிளிரன்கைமா, மீதிப் பேர் ஃபுளோயம் நார். இரண்டும் தவறு. பருத்தி என்பது விதையின் மேல்தோல் செல்லிலிருந்து வளர்ந்த முடி, ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு ஒரே செல், நுண்ணோக்கி இல்லாமல் கண்ணால் பார்க்கலாம். அதில் கட்டைக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் கிடையாது, ஏறக்குறைய முழுதும் செல்லுலோஸ்தான், அதனால்தான் உடம்புக்கு மெத்தென்று இருக்கிறது. ஃபுளோயம் நாருக்கு உதாரணம் வேண்டுமென்றால் சணல். தேங்காய் நார் கனியின் நடுத்தோலிலிருந்து வருகிறது, லிக்னின் நிறைய உண்டு, தொட்டாலே சொரசொரப்பு தெரியும். சிரட்டையும் ஸ்கிளிரன்கைமாதான், ஆனால் நார் வடிவில் இல்லை, கல்செல்களாக. கொய்யாப்பழத்தைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று மணல் மாதிரி படுகிறதே, அதுவும் அதே கல்செல் கூட்டம்தான்.

தாவரத்தின் இன்னொரு தாங்கு திசுவான கோலன்கைமா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயிருள்ளது, மூலைகளில் தடித்தது, இளந்தண்டும் இலைக்காம்பும் காற்றில் வளைந்து நிமிர உதவுகிறது. வேரில் அதைத் தேடாதீர்கள்.

அடுத்த பெரிய தவறு, "சைலம் இறந்த திசு, ஃபுளோயம் உயிருள்ள திசு" என்று ஒரே வரியில் முடிப்பது. சைலத்தில் குழாய்களும் டிரக்கீடுகளும் (தண்ணீர் கடத்தும் நீண்ட செல்கள்) நார்களும் இறந்தவை, சைலம் பாரன்கைமா உயிரோடு இருக்கிறது. ஃபுளோயத்தில் நார்கள் மட்டும் இறந்தவை. சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கரு இல்லை என்பதால் அதையும் இறந்ததில் சேர்த்துவிடுகிறார்கள், அது உயிருள்ளதுதான், பக்கத்திலேயே இருக்கும் துணைச்செல் அதன் வேலைகளைக் கவனித்துக்கொள்கிறது. ஃபுளோயம் மேலிருந்து கீழே மட்டும் உணவு கொண்டுபோகிறது என்று எழுதுவதும் சரியில்லை. எங்கே தயாராகிறதோ, சேர்ந்து கிடக்கிறதோ, அங்கிருந்து தேவைப்படும் இடத்துக்குப் போகும். இளங்குருத்துக்கும் பூவுக்கும் காய்க்கும் மேல்நோக்கியும் போகத்தான் செய்கிறது.

கொய்யாவுக்கு விண்பதியம் போடுகிறவர்கள் கிளையில் ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்து எடுப்பார்கள். பட்டையோடு ஃபுளோயம் போய்விடும், உள்ளே கட்டையில் சைலம் அப்படியே இருக்கும். அதனால் தண்ணீர் மேலே ஏறுகிறது, இலை வாடுவதில்லை, இலையில் தயாரான உணவு மட்டும் இறங்க வழியில்லாமல் வெட்டுக்கு மேல் உதட்டில் தேங்குகிறது, அங்கேதான் வேர் விடுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மால்பிஜி என்ற விஞ்ஞானி மரத்தில் பட்டை வளையம் உரித்துப் பார்த்தபோதும் வெட்டுக்கு மேல்பக்கம்தான் வீங்கியது. சாலையோரப் புளியமரத்தின் அடியில் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால், இலை சில காலம் பச்சையாகவே இருந்தாலும், வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

செல்கள் பிரிந்து பெருகி வளர்ச்சி தரும் ஆக்குத்திசுவில் ஒரு கேள்வி கேட்பேன். வேப்பமரத்தில் என் தோள் உயரத்தில் ஆணி அடித்தால் 10 வருடம் கழித்து ஆணி எங்கே இருக்கும்? மேலே போயிருக்கும் என்றுதான் வகுப்பே சொல்லும். அதே உயரத்தில்தான் இருக்கும். உயரம் கூடுவது நுனி ஆக்குத்திசுவால், நடுமரத்தில் பருமன் மட்டுமே கூடும், அது கேம்பியத்தின் வேலை. தென்னைக்கும் பனைக்கும் அந்தக் கேம்பியம் கிடையாது, அதனால் அவற்றில் ஆண்டு வளையம் எண்ண முடியாது. வளருகிற இடம் உச்சியில் ஒன்றே ஒன்று. காண்டாமிருக வண்டு அந்தக் குருத்தை முழுதாகக் குடைந்துவிட்டால் மரம் போய்விடும், வேம்பு மாதிரி பக்கத்தில் தழைக்காது.

விலங்குத் திசுக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பே போதும். முதலில் உறுப்பையும் திசுவையும் குழப்பாதீர்கள். ஈரல் திசு கிடையாது, உறுப்பு. போட்டி என்று வாங்குகிற குடலை எடுத்துக்கொண்டால் உள்பக்கம் எபிதீலியம் (மேற்பரப்பை மூடும் திசு), அடுத்து இணைப்புத் திசு, அப்புறம் தானாக இயங்கும் மென்தசை, நடுவே நரம்புகள், விலங்குத் திசுவின் நான்கு வகையும் ஒரே துண்டில். 1801 வாக்கில் பாரிஸில் பிஷா என்ற மருத்துவர் 21 வகைத் திசுக்களைப் பிரித்து எழுதினார், நுண்ணோக்கி இல்லாமல், வெட்டியும் வேகவைத்தும் உலர்த்தியும் பார்த்தே.

"குருத்தெலும்பு" என்ற பெயரைப் பார்த்து, அது இளசான எலும்பு, நாளானால் முற்றிவிடும் என்று நினைக்கிறார்கள். கருவில் பல எலும்புகள் குருத்தெலும்பாகத்தான் தொடங்குகின்றன என்பது உண்மை. ஆனால் காது மடலைத் தொட்டுப் பாருங்கள், பாட்டிக்கும் அது வளைகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அடிபட்டால் ஆற நாளாகும். எலும்புக்குள் ரத்தக் குழாயும் உயிருள்ள செல்களும் உண்டு, அதனால்தான் முறிந்தால் கூடுகிறது. நெஞ்செலும்புத் துண்டில் மொறுமொறுவென்று கடிபடுவது முன்னது, நல்லியைத் தாங்கி நிற்பது பின்னது.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுகிற லிகமெண்டுக்குச் சில புத்தகங்களில் "தசைநார்" என்று பெயர், அதில் "தசை" இருப்பதால் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். பெயரை நம்பாமல் எது எதைக் கட்டுகிறது என்று எழுதிவிட்டால் தப்பாது. ஆட்டுக்காலில் கீழ்ப்பாகத்தில் தசை மிகக் குறைவு, தசைநாணும் தோலும் எலும்பும்தான். அதிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்து வெந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் பாயா ஆறினதும் கட்டியாகிறது.

ரத்தம் எப்படி இணைப்புத் திசு என்பது நியாயமான கேள்வி. இணைப்புத் திசு என்றால் செல்கள் குறைவாக, அவற்றைச் சுற்றியுள்ள பொருள் நிறைய. எலும்பில் அது கெட்டி, ரத்தத்தில் அது பிளாஸ்மா என்ற திரவம், ஏறக்குறைய 55 சதவீதம். இணைப்புத் திசுவில் நாரும் இருக்குமே, ரத்தத்தில் அது எங்கே என்றால், கரைந்த நிலையில் இருக்கிறது. ரத்தம் உறையும்போதுதான் ஃபைப்ரின் இழையாக வெளியே வருகிறது.

கடைசியாகத் தசை. நுண்ணோக்கியில் குறுக்கு வரி தெரிந்தால் அந்தத் தசை நம் சொல்படி நடக்கும், வரி இல்லாவிட்டால் தானாக நடக்கும் என்ற குறுக்குவழியை விட்டுவிடுங்கள், இதயத்தசைக்கு வரியும் உண்டு, தானாகவும் துடிக்கும், செல்கள் கிளை விட்டு ஒன்றோடொன்று இணைந்திருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் தூக்கத்திலும் ஓயாமல் வேலை செய்கிறது என்பதால் அதை மென்தசை என்று எழுதுகிறார்கள், அது எலும்புத்தசை வகைதான். வேண்டுமென்றால் இப்போதே மூச்சைக் கொஞ்சம் அடக்கிப் பாருங்கள், உங்கள் சொல் கேட்கும்.