மாடித் தண்ணீரைக் கிணற்றில் சேர்ப்பது எப்படி?

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. பெய்தாலே 930 லிட்டர். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாக வெட்டிய குழிகள் பல இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. கணக்குக்கு மட்டும்தான் அவை. ஆவணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசியில் கொத்தனார் கிடைத்தாலும் குழி நிற்காது.

முதலில் மாடிப் பைப் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து மேலே ஊற்றினால் தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடைக்குள் போனால் உடனே துண்டியுங்கள். அடைமழையில் தெரு மேன்ஹோல் பொங்குவதற்கு இந்த இணைப்புகளும் காரணம்.

பழைய கிணறு இருந்தால் அதிர்ஷ்டம்தான், குப்பை கொட்டி மூடிவிடாதீர்கள். தூர்வார நீங்களே இறங்கவும் வேண்டாம். விஷவாயு இருக்கலாம், பழக்கப்பட்ட ஆட்களை விடுங்கள். மாடிப் பைப் தண்ணீரை வடிகட்டி உள்ளே விட, கிணற்றுக்கு முன்னால் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் செங்கல் தொட்டி கட்டி, அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, நடுவில் நைலான் வலை போடுங்கள். மணல் வேண்டாம். ஒரே பருவத்தில் தூசி படிந்து இறுகி, தண்ணீர் தொட்டிக்கு வெளியே வழியும்.

முதல் மழை மாடி அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். 2 மி.மீ. என்று வைத்தாலும் 190 லிட்டர் ஆகிறது. 10 அடி நீள 4 அங்குலப் பைப் பிடிப்பது 25 லிட்டர்தான், அதனால் முதல் மழையைப் பிடித்துவைக்க, அடியில் மூடி (எண்ட் கேப்) போட்ட துண்டுப் பைப்பை நம்ப முடியாது. பைப்பில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு), ஒரு வால்வு வைத்து, முதல் மழையைக் கையால் தோட்டத்துக்குத் திருப்புவதே நல்லது.

கிணறு இல்லாதவர்கள் 3 அடி விட்டத்தில் சிமெண்ட் உறைகளை (வளையங்களை) ஒன்றின்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கலாம். 15 அடி ஆழமென்றால் 3,000 லிட்டர் கொள்ளும். உறைகளுக்கிடையே சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே ஜல்லியும் நிரப்பாதீர்கள், கொள்ளளவு பாதியாகிவிடும், பிறகு தூர்வாரவும் வழியில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் சீக்கிரம் உறிஞ்சும். களிமண் பகுதியில் அதைத் தாண்டி மணல் தென்படும்வரை தோண்ட வேண்டும், பாதியில் நிறுத்தினால் அது வெறும் கொசுத் தொட்டி. கிண்டி, வேளச்சேரி போலப் பாறை குறுக்கிடும் இடங்களில் ஆழத்தைத் தோண்டுகிறவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். செப்டிக் டேங்க் இருந்தால் மனையின் எதிர்ப்பக்கம்தான்.

ஆர்.ஓ. கழிவுநீரைக் கிணற்றில் விடாதீர்கள், உப்பு அதிகம், கழிவறைக்கு ஊற்றலாம். வாஷிங் மெஷின் பைப்பை மழைநீர் வடிகாலில் விடுவதும் தவறு. வடிகால் தண்ணீர் சுத்திகரிப்பு இல்லாமலே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது.

வேலை முடிந்ததும் 200 லிட்டர் டிரம் தண்ணீரை ஜல்லித் தொட்டியில் வேகமாகக் கவிழ்த்துப் பாருங்கள். தொட்டி விளிம்பில் ததும்பினால் ஜல்லியை அள்ளிக் கழுவி மறுபடி போடுங்கள். பருவத்துக்கு முன்னும், நடுவில் ஒருமுறையும் இதைச் செய்யுங்கள். மழை விட்ட இரண்டாம் நாளும் உறையில் தண்ணீர் தேங்கி நின்றால், அடியில் படிந்த சேற்றை வாரியாக வேண்டும்.