நெகட்டிவ் படம் மங்கலாக வருகிறதா? கேமராவைத் திட்டாதீர்கள்

பரணில் பிஸ்கட் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்த நெகட்டிவ்களை ஸ்கேனரிலோ கேமராவிலோ டிஜிட்டல் படமாக்கலாம் என்று கையில் எடுத்ததும் நாம் முதலில் செய்வது, வாயால் ஊதுவது. அதுவே முதல் தவறு. எச்சில் துளி, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சின்மேல் பட்டுக் காய்ந்தால் கறை நின்றுவிடும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். கையால் அமுக்கும் ரப்பர் புளோயர், பருத்திக் கையுறை, நெகட்டிவின் ஓரத்தை மட்டும் பிடிக்கும் பழக்கம், தூசிக்கு இவை போதும்.

பூஞ்சை வேறு கதை. கடலோர ஊர்களில் நெகட்டிவ்மேல் சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கும். பூஞ்சை அரித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும். இது தெரியாமல் சித்தியின் கல்யாண நெகட்டிவ் ஒன்றைக் கழுவி, மாப்பிள்ளையின் முகத்தையே கரைத்துவிட்டேன். பூஞ்சை இருந்தால் உலர்ந்த நிலையில் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, மீதியைக் கணினியில் சரிசெய்வதுதான் நல்லது.

நெகட்டிவைக் கேமராவில் படமெடுப்பவர்கள் லென்ஸுக்குக் காசு கொட்டிவிட்டு வெளிச்சத்தில் கோட்டை விடுகிறார்கள். செல்போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் நெகட்டிவை வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதிவாகும். நெகட்டிவைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி, இடையில் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்தால் புள்ளி மறையும். நிறம் மட்டும் அப்போதும் நம்பும்படி வராது. நிறம் சரியாக வர, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் உள்ள லைட் பேட், அதாவது ஒளிரும் பலகை, வாங்குங்கள். எடுக்கும்போது அறை விளக்கை அணையுங்கள். நெகட்டிவைச் சுற்றித் தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள். இதைச் செய்யாததால்தான் பல படங்கள் வெளுத்துப்போகின்றன.

அடுத்தது, நடுவில் கூர்மையும் மூலையில் மங்கலும். கேமரா நெகட்டிவுக்கு நேர் இணையாக இல்லை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். கேமரா திரையின் சரி நடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் கோணம் சரி. கூர்மை கூடும் என்று நினைத்து, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 16க்கு மூடுவதும் தவறு (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் பதியும் மேக்ரோவில் எஃப் 8 வைத்தாலே எஃப் 16 போலத்தான் நடந்துகொள்ளும். அதற்குமேல் மூடினால் ஒளி விலகிப் பரவி படம் குழையும். ஃபோகஸை முகத்தில் பார்க்காதீர்கள். திரையைப் பெரிதாக்கி, பிலிமின் மணிகளை (படத்தில் தெரியும் நுண்துகள்களை) பார்த்து, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள்.

சுருண்ட பிலிமைத் தட்டையாக்கச் சாதாரணக் கண்ணாடிக்குக் கீழே அமுக்கினால், அதன் வழவழப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டி வானவில் வளையங்கள் வரும். நியூட்டன் வளையம் என்பார்கள். பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் நல்ல ஹோல்டர் இருந்தால் கண்ணாடியே தேவையில்லை.

ஸ்கேனர்காரர்கள் ஏமாறுவது பெட்டியில் அச்சிட்ட எண்ணில். 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருக்கும் பிளாட்பெட் ஸ்கேனரின் லென்ஸால் அதில் பாதியளவு நுணுக்கத்தைக்கூடப் பெரும்பாலும் பிரித்துக் காட்ட முடியாது. 35 எம்எம் நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்தால் சுமார் 77 லட்சம் பிக்சல் கிடைக்கும். ஆல்பத்துக்கு அது தாராளம். 6400ல் எடுத்தால் ஐந்தரைக் கோடி பிக்சல் வரும். ஹார்டு டிஸ்க் நிறையும், படத்தில் நுணுக்கம் எதுவும் கூடிவிடாது.

ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதியை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது இன்னொரு தவறு. அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. கலர் பிலிமின் சாயத்தை அந்த ஒளி கடந்துவிடும், தூசியில் மட்டும் தடைபடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். ஒளி அதிலும் தடைபடுவதால், படத்தையே தூசி என்று எண்ணி ஸ்கேனர் அழிக்கப் பார்க்கும். ஊட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் வீட்டில் இருந்தால் அந்த வசதியை அணைத்துவிட்டு, தூசியைக் கணினியில் ஒவ்வொன்றாக எடுங்கள்.

கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைப் பழுது என்று நினைப்பவர்கள் உண்டு. சாயங்களின் குறையை ஈடுகட்ட பிலிம் செய்தவர்களே வைத்த நிறம் அது. அதை நீக்காமல் நெகட்டிவின் நிறங்களை எதிராக மாற்றிப் படமாக்கினால் எல்லோரும் நீலம் பூத்துத் தெரிவார்கள். நீக்குவதற்குப் படம் பதியாத பிலிம் ஓரம் வேண்டும்; ஆகவே ஓரம் தெரியும்படி எடுங்கள். கேமராவில் ஜேபெக் வேண்டாம், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். நெகட்டிவின் குறுகிய ஒளி வேறுபாட்டை இழுத்து விரிக்கும்போது ஜேபெக் பட்டை பட்டையாக உடையும். ஒளி அளவைக் கேமராவே மாற்றும் ஆட்டோ எக்ஸ்போஷரையும் அணையுங்கள். ஒரே ரோலுக்கு ஒரே அளவு என்று வைத்தால்தான் அடுத்தடுத்த படங்களின் நிறம் ஒத்துவரும்.

இடவலம் மாறிய படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். பிலிம் ஓர எழுத்து நேராகப் படிக்க வந்தால் படமும் நேர். புடவை முந்தானை எந்தத் தோளில் என்று பார்த்தும் சொல்லிவிடலாம், மடிசார் கட்டிய அய்யர் வீட்டுப் பாட்டிகளைத் தவிர. அவர்களுக்கு அது வலத் தோள்தான்.

எந்த நெகட்டிவ் கட்டை முதலில் எடுப்பது என்றால், மூக்கைக் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது; அந்த ஆவி பக்கத்துக் கட்டையும் கெடுக்கும். அதை முதலில் ஸ்கேன் செய்து தனி உறையில் பிரித்து வையுங்கள். மற்றவற்றையும் ஸ்கேன் முடிந்த கையோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள்.